ஆணையரின் அரைமணி நேரம்

சேத்தூர் சுயம்புலிங்கத்துக்கும் ஒலிபரப்புக்கும் இருந்த உறவு, காலையில் மனைவி ஆவுடையம்மாள் வைத்துவிட்டுப் போகும் ரேடியோவை எழுந்துபோய் அணைப்பதோடு முடிந்துவிடும். டிவி விஷயத்தில் அந்த உறவும் கிடையாது. வீட்டில் பெட்டி இல்லை. வேளாண்மைத் துறையில் விதை மூட்டைகளுக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டு, சாயங்காலம் டவுன் பஸ்ஸில் திரும்பி, சாப்பிட்டதும் படுத்துவிடும் மனிதர்.

அப்படிப்பட்டவரைத்தான் 1992-ஆம் ஆண்டு அரசாங்கம் ஒலி ஒளி ஒழுங்காணையத்தின் தென்வட்ட ஆணையராக நியமித்தது.

காரணம் இல்லாமல் அரசாங்கம் எதையும் செய்வதில்லை. 1984-இல் அவர் துறை மலருக்கு ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். நாற்று நடாமல் நெல்லைக் கையால் வீசி விதைப்பதைப் பற்றிய கட்டுரை. வீசி விதைப்பதற்கு ஆங்கிலத்தில் பிராட்காஸ்டிங் என்று பெயர். எட்டு வருஷம் கழித்து, புதிதாகத் தொடங்கிய ஆணையத்துக்குப் பிராட்காஸ்டிங்கில் அனுபவமுள்ள ஆளைத் தேடிய சென்னை அதிகாரி ஒருவர், தலைப்பைப் பார்த்தார். உள்ளே போய்ப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

சுயம்புலிங்கம் பதறிப்போய் ரயிலேறினார். சென்னையில் ஆணையத்தின் செயலாளர் அவரை உட்காரச் சொல்லி, காபியும் வரவழைத்தார்.

"பிராட்காஸ்டிங் பற்றி எழுதியவர் நீங்கள்தானே?"

"ஆமாங்கய்யா. ஆனா அது நெல்லைப் பத்தி."

"எதைப் பற்றி என்பது முக்கியமில்லை. வீசினால் எவ்வளவு தூரம் போய் விழுகிறது என்று பார்த்தீர்களா?"

"பாத்தேன். காத்தடிச்சா பக்கத்து வயல்ல போய் விழுந்துரும்."

செயலாளர் மேஜையைத் தட்டினார். "அதேதான் எங்கள் கவலையும். வெளிநாட்டுக் காற்று அடிக்கிறது. நம் வயலில் வந்து விழுகிறது. உங்களைப் போன்ற ஆள்தான் வேண்டும்."

"எனக்கு இந்தத் துறையில ஒண்ணுமே தெரியாதுங்கய்யா."

"தெரிந்தவர்களை வைத்துப் பார்த்துவிட்டோம். அவர்கள் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்."

"உத்தரவு தப்பா வந்திருக்கு."

"தவறாக வந்தால் திருத்த உத்தரவு வரும். திருத்த உத்தரவு வரும்வரை அது சரியான உத்தரவு" என்று செயலாளர் அன்போடு விளக்கினார். காபியும் ஆறிவிட்டது.

அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் ஒரு வாடகை வீட்டில் அமைந்தது. தலைமை எழுத்தர் சடகோபன், ஆண்டாள் கோவில் பக்கத்து ஆள். விதி எண் சொல்லாமல் இருமக்கூட மாட்டார். ஒரு ஓட்டுநரும் வந்து சேர்ந்தார். ஜீப் வரவில்லை. ஆணையரை ஓட்டுநர் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்று விதி இருந்ததால், இருவரும் டவுன் பஸ்ஸில் சேர்ந்து போனார்கள். ஓட்டுநர் முன்சீட்டில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் காலை அழுத்திக்கொள்வார்.

ஆணையத்தின் வேலை, வட்டத்து வீடுகளில் ஓடும் டிவிகளில் பண்பாடு கெடுகிறதா என்று கண்காணிப்பது. அதற்கு அலுவலகத்தில் ஒரு டிவி வேண்டுமென்று சுயம்புலிங்கம் எழுதினார். டிவி பொழுதுபோக்குச் சாதனம், அரசு அலுவலகங்களுக்கு அனுமதி இல்லை என்று பதில் வந்தது. சிறப்பு அனுமதி உண்டாம். அதைத் தரும் அதிகாரம் தென்வட்ட ஆணையருக்கே உண்டாம். ஆனால் தன் அலுவலகத்துக்குத் தானே அனுமதி கொடுப்பது முறையாகாதாம்.

அதனால் அடுத்த வீட்டு மரகதவல்லி மாமியிடம் போய் நின்றார்கள்.

"கண்காணிக்கிறதுன்னா வாங்கோ" என்றாள் மாமி. "செருப்பை வாசல்ல விட்டுடணும். நடுவுல பேசப்படாது. நான் மாத்தற வரைக்கும் சேனலை மாத்தச் சொல்லப்படாது."

மாமி பார்ப்பதெல்லாம் சமையல் குறிப்பும் கோவில் உற்சவமும்தான். சடகோபன் தினமும் கண்காணித்து, "சீர்கேடு ஏதும் தென்படவில்லை, மோர்க்குழம்பில் மட்டும் தேங்காய் கூடுதல்" என்று எழுதி அனுப்பினார். தமிழ்நாட்டிலேயே பண்பாடு சேதமாகாத வட்டம் தென்வட்டம் என்று சென்னையிலிருந்து பாராட்டு வந்தது.

பாராட்டைத் தொடர்ந்து பண்பாட்டுத் துணைக்குழு ஒன்று வந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரும், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவரும், ஓய்வுபெறாத பருத்தி நூல் கமிஷன் வியாபாரி ஒருவரும் உறுப்பினர்கள். மாமி வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஒரு விளம்பரத்தில் பெண்ணொருத்தியின் முந்தானை காற்றில் பறந்தது. குற்றம் யாருடையது என்று விவாதம் எழுந்தது.

"காத்து இயற்கை. இயற்கையை எப்படித் தடை செய்யது?" என்றார் தலைமையாசிரியர்.

"அது இயற்கைக் காத்து இல்ல. ஃபேன் வச்சிருக்கான். நிழல் சுத்துது பாருங்க" என்றார் வியாபாரி.

"எனக்குச் சரியாத் தெரியல. மறுபடி வருமா?" என்றார் தாசில்தார்.

மறுபடி வந்தது. அப்போதும் தாசில்தாருக்குச் சரியாகத் தெரியவில்லை. மாமி எழுந்து பெட்டியை அணைத்தாள். இயற்கைக் காற்றுக்கு அனுமதி, மின்விசிறிக் காற்றுக்குத் தடை என்று தீர்மானம் நிறைவேறியது. சுயம்புலிங்கம் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வீடு வரும் வரை, தான் எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அன்றைக்குத்தான் அவர் பரிபூரணத்தை முதன்முதலில் பார்த்தார். நேரில் அல்ல. இராஜபாளையத்தில் இறங்கிச் சேத்தூர் பஸ்ஸுக்காக வெகுநேரம் நின்று கால் வலித்து, ஒரு டீக்கடைக்குள் போனார். கடைக்காரர் ராஜு, "ரண்டி சார், உக்காருங்க" என்று தெலுங்கும் தமிழுமாக வரவேற்று பெஞ்சைத் துடைத்தார். மூலையில் டிவி ஓடியது. அதில் ஒரு பெண், பின்னால் கட்டிய பூப்போட்ட திரைக்கு முன் உட்கார்ந்து, வீட்டில் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள்.

"சேத்தூர் போற ஏழு மணி வண்டி டயர் வெடிச்சு டெப்போவுல நிக்கு. நிக்கவங்க நிக்காதீங்க. தென்காசி வண்டியில ஏறி இறங்கிக்கோங்க. குருசடித் தெருவுக்கு நாளைக்குக் காலையில தண்ணி வரும். செல்லாயி வீட்டு ஆடு இன்னும் கிடைக்கல. காதுல வெட்டு இருக்கும். பாத்தவங்க சொல்லிவிடுங்க."

சுயம்புலிங்கம் எழுந்து தென்காசி வண்டியில் ஏறினார். ஆணையராகப் பதவி ஏற்ற நாளிலிருந்து ஒளிபரப்பால் அவருக்குக் கிடைத்த முதல் உபகாரம் அது.

இராஜபாளையத்துக்காரியான பரிபூரணம் முன்பு பேண்டேஜ் துணி கம்பெனியில் கட்டுகளை மடித்துப் பெட்டியில் அடுக்கியவள். புருஷன் பஞ்சு லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் பாதி நாள் நாக்பூர்ப் பக்கம். வீடியோ டெக்கு வாடகைக்கு விட்டதில் தேறியதை வைத்து மொட்டைமாடியில் ஒரு டிஷ் நிறுத்தி, சுற்றியுள்ள தெருக்களுக்கு வயர் இழுத்திருந்தாள். வெளிநாட்டு சேனல்கள் வரும். ஆனால் ஏழு மணியானால் அவளுடைய அரைமணி நேரம். கல்யாண வீடியோக்காரனிடம் இரவல் வாங்கிய கேமரா. அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் சனங்கள் கேபிள் எடுத்தார்கள்.

அதன்பின் சுயம்புலிங்கம் தினமும் ராஜு கடையில் ஏழு மணிக்கு ஒரு டீ குடித்தார். கண்காணிப்பு என்று சடகோபனிடம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் பரிபூரணம் ஒரு நாள், "வடக்குத் தெரு அடிபம்புத் தண்ணியில வெளுப்பு மருந்து வாடை அடிக்கு. ஓடைக்கரைத் துணி வெளுப்புப் பட்டறைக் கழிவு உள்ள இறங்குதுன்னு நினைக்கேன். பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க. வடிகட்டினாலும் போகாது" என்றாள்.

ஊர் அடங்கிக் கேட்டது. பட்டறைக்காரரும் கேட்டார். மறுநாளே சென்னைக்குப் போனார். அவர் போன ரயில் திரும்புவதற்குள், அவள் கருவிகளுக்கு முத்திரையிடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பரிபூரணம் பொய் சொன்னாள் என்று அதில் இல்லை. செய்தி சொன்னாள் என்று இருந்தது. செயலாளர் தம் கைப்படச் சேர்த்திருந்தார்: "பொய்யை மக்கள் தாமே கண்டுகொள்வார்கள். உண்மையைத்தான் நாம் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது."

அரக்கும் முத்திரையுமாக ஆணையர், தலைமை எழுத்தர், ஓட்டுநர் மூவரும் டவுன் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். பரிபூரணம் எதிர்க்கவில்லை. கேமராவையும், அதன் படத்தை வயரில் அனுப்பும் பெட்டியையும் எடுத்துக் கொடுத்தாள். முத்திரை விழுந்தது. பிறகு மொட்டைமாடிக்குப் போனார்கள். அங்கேதான் சிக்கல். கருவியின் வாயை மூடி முத்திரையிட வேண்டும் என்று விதி. டிஷ்ஷின் வாய் ஒரு கல்யாணப் பந்திச் சட்டி அளவுக்கு வானத்தைப் பார்த்துத் திறந்து கிடந்தது.

"இத எத வச்சு மூடது?" என்றார் சுயம்புலிங்கம்.

"துணி வச்சும் மூடலாம்னு உபவிதி இருக்கு ஸார்" என்றார் சடகோபன்.

பரிபூரணம் கீழே போய்ப் பேண்டேஜ் துணிச் சுருள்களைக் கொண்டுவந்தாள். அதிகாரிகளுக்குச் சுற்றத் தெரியவில்லை. பார்க்கச் சகிக்காமல் அவளே வாங்கி, தலைக்காயத்துக்குக் கட்டுவது போல நெருக்கமாகச் சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். சடகோபன் அதன்மேல் அரக்கை உருக்கி ஊற்றினார்.

"கேக்கணும்னு இருந்தேன் சார்" என்றாள் பரிபூரணம். "நான் சொன்னது தப்பா?"

"தப்புன்னு உத்தரவுல இல்லம்மா."

"பொறவு என்னத்துக்கு இதெல்லாம்?"

சுயம்புலிங்கம் சடகோபனைப் பார்த்தார். சடகோபன் அரக்கைப் பார்த்தார்.

பேண்டேஜ் துணி வெளிநாட்டு அலைகளை எந்த வகையிலும் தடுக்கவில்லை. அன்று இரவும் எல்லாச் சேனலும் பளிச்சென்று வந்தன. மின்விசிறிக் காற்றில் முந்தானைகள் பறந்தன. ஏழு மணி அரைமணி நேரம் மட்டும் கறுப்பாக ஓடியது.

வடக்குத் தெருவில் ஆவுடையம்மாளின் தங்கை சீனியம்மாள் வாழ்ந்தாள். ஒரு மழைநாளில் குழாய்த் தண்ணீர் வராமல் போக, அடிபம்பில் வாடை இல்லையென்று நினைத்து ஒரு குடம் பிடித்தாள். அவள் மகளுக்கு வாயெல்லாம் வெந்து, வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே தெருவில் இன்னும் சில பிள்ளைகளும் படுத்திருந்தன.

சுயம்புலிங்கம் போனபோது குழந்தை கண்ணை மூடிக் கிடந்தது. கையில் ஊசி குத்திக் கட்டுப் போட்டிருந்தார்கள். ஆவுடையம்மாள் கட்டிலருகே நின்றாள். கோபமாகப் பேசவில்லை.

"அன்னைக்கு வாடை குறைஞ்சிருந்துச்சாம். குறைஞ்சாலும் குடிக்காதீங்கன்னு அந்தக் கேபிள்காரி சொல்லியிருப்பா. அவளச் சொல்ல விடாமப் பண்ணிட்டீக. அம்புட்டுத்தான்."

அவர் வராந்தாவில் போய் உட்கார்ந்தார். தான் செய்ததில் எந்த இடத்தில் பிசகு என்று யோசித்துப் பார்த்தார். உத்தரவு வந்தது, பஸ் ஏறினார், அரக்கு ஊற்றினார். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. பிள்ளைதான் உள்ளே கிடந்தது.

மறுநாள் மாலை ஏழு மணிக்கு முன்பாக அவர் பரிபூரணத்தின் வீட்டுக்குத் தனியாகப் போனார். ஓட்டுநரைக்கூட அழைக்கவில்லை.

"அந்தக் கேமராவையும் பெட்டியையும் எடும்மா."

"சீல் வச்சிருக்கீகளே சார்."

"நான்தான வச்சேன்" என்று சொல்லி, முத்திரையை நகத்தால் பெயர்க்கப் பார்த்தார். வரவில்லை. அவள் அரிவாள்மனையைக் கொண்டுவந்தாள்.

பூப்போட்ட திரைக்கு முன் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். கேமராவுக்குப் பின்னால் பரிபூரணம் கையை ஆட்டினாள்.

"வணக்கம். நான் சுயம்புலிங்கம். ஒழுங்காணையத்தோட தென்வட்ட ஆணையர். வடக்குத் தெரு அடிபம்புத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. வாடை இல்லேன்னாலும் குடிக்காதீங்க. பிள்ளைகள் ஆஸ்பத்திரியில கிடக்கு. குழாய்த் தண்ணி காலையில வரும்." பிறகு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எப்படி எழுந்து போவது என்றும் தெரியவில்லை. மீதி நேரம் முழுக்கக் கேமராவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஊரும் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. ஒருவர்கூடச் சேனலை மாற்றவில்லை என்று பின்னால் சொன்னார்கள். அடிபம்பின் பிடியை அன்றிரவே யாரோ கழற்றி வைத்துவிட்டார்கள்.

இரண்டொரு நாளில் சென்னையிலிருந்து தந்தி வந்தது. தென்வட்டத்தில் நடந்த அனுமதியற்ற ஒளிபரப்பைப் பற்றி உடனே விசாரிக்க வேண்டும். விசாரணை அதிகாரி, தென்வட்ட ஆணையர்.

சுயம்புலிங்கம் செயலாளருக்கு ஃபோன் போட்டார். "ஐயா, அதைச் செஞ்சது நான்தான்."

"அதை விசாரணைதான் சொல்ல வேண்டும். முன்கூட்டியே முடிவுக்கு வருவது விசாரணை அதிகாரிக்கு அழகில்லை."

"விசாரணை அதிகாரியும் நான்தானேய்யா."

"அப்படியானால் குற்றம் சாட்டப்பட்டவரோடு நான் பேசுவது முறையில்லை" என்று செயலாளர் ஃபோனை வைத்துவிட்டார்.

விசாரணை மடவார் வளாகத்து அலுவலகத்தில் நடந்தது. அதிகாரி உட்கார்ந்து கேட்க வேண்டும், குற்றம் சாட்டப்பட்டவர் நின்று பதில் சொல்ல வேண்டும் என்று சடகோபன் விதியை வாசித்தார். சாட்சியாகப் பரிபூரணம் வந்திருந்தாள். மரகதவல்லி மாமி சும்மா வந்திருந்தாள். டிவியில் அன்றைக்கு ஒன்றும் இல்லையாம்.

சுயம்புலிங்கம் உட்கார்ந்து, "உங்க பேரு?" என்றார். எழுந்து நின்று, "சுயம்புலிங்கம்" என்றார். உட்கார்ந்தார். "அன்னைக்கு ஏழு மணிக்கு எங்க இருந்தீக?" எழுந்தார். "கேமராவுக்கு முன்னால." உட்கார்ந்தார். "யார் அனுமதி கொடுத்தா?" எழுந்தார். "யாரும் குடுக்கல." உட்கார்ந்தார். "அனுமதி கேட்டிருக்கலாமே?" எழுந்தார். "உங்ககிட்டதான் கேக்கணும். நீங்க குடுத்திருக்க மாட்டீக."

"ஸார்" என்று சடகோபன் பேனாவை நிறுத்தினார். "குற்றவாளி அதிகாரியை எதிர்த்துப் பேசறார். குறிக்கணுமா?"

"குறிச்சுக்கிடும்" என்றார் அதிகாரி. பிறகு குற்றவாளிக்கு முழங்கால் வலித்தது. அவகாசம் கேட்டார். அதிகாரி பெருந்தன்மையோடு கொடுத்தார். மாமி எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

மோர் குடித்தபின் குற்றம் நிரூபணமாயிற்று. தண்டனை என்னவென்று சடகோபன் விதியைத் தேடினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தார். "அனுமதியற்ற ஒளிபரப்புச் செய்தவர், எந்த ஊடகத்தில், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் குற்றம் செய்தாரோ, அதே ஊடகத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில், அவ்வளவு நேரம், நாள்தோறும் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

"எத்தனை நாளைக்கு?" என்றார் சுயம்புலிங்கம். அதிகாரியாகக் கேட்டாரா, குற்றவாளியாகக் கேட்டாரா என்பது தெரியவில்லை. பாதி எழுந்த நிலையில் இருந்தார்.

"திருந்தும் வரை."

"திருந்திட்டாருன்னு யார் சொல்லணும்?"

"விசாரணை அதிகாரி ஸார்."

சுயம்புலிங்கம் மெதுவாக உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார். பரிபூரணத்தைப் பார்த்தார். பிறகு, "பரிபூரணம் வீட்டுல மிச்சமிருக்க முத்திரையையும் இன்னைக்கே எடுத்துரும் சடகோபன். தண்டனைக்கு இடைஞ்சலா இருக்கு" என்றார்.

அன்று மாலை ஏழு மணிக்கு ஆணையர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.

"வடக்குத் தெரு அடிபம்புத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு நான் சொன்னது தப்பு. மன்னிக்கணும். தெற்குத் தெரு பம்புலயும் இன்னைக்கு வாடை வருது. அதையும் குடிக்காதீங்கன்னு நான் நாளைக்குச் சொன்னா அதுவும் தப்பாத்தான் இருக்கும். அதுக்கு இன்னைக்கே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். குருசடித் தெருவுக்குக் காலையில தண்ணி வரும்னு சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சேத்தூர் வண்டி இன்னைக்கு ஓடாதுங்கதையும் நான் சொல்லக் கூடாது. சொன்னதுக்கு வருந்துதேன்."

பரிபூரணம் கேமராவுக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சில நாளில் மன்னிப்பு அவருக்கு நன்றாகக் கைவந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் முடிக்கும்போது வெளுப்புப் பட்டறைக்காரரிடம் தனியாக மன்னிப்புக் கேட்பார். "ஓடைக்கரைப் பட்டறையில இருந்து கழிவு இறங்குதுன்னு சொன்னதால அவருக்கு மனக்கஷ்டம் வந்திருக்கும். இன்னைக்கும் கழிவு இறங்குது. இன்னைக்கும் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

பட்டறைக்காரர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வெயிலில் வந்த வேர்வை.

"சார், மன்னிச்சுட்டேன். போதும்."

"நீங்க மன்னிச்சாப் போதாதுங்க. நான் திருந்தணும்" என்றார் சுயம்புலிங்கம் வருத்தத்தோடு.

"பொண்ணு பாக்க வந்தவங்க இந்தப் பட்டறையான்னு கேக்காக சார். தினமும் ஏழு மணிக்கு வீட்டுல சாப்பாடு இறங்க மாட்டேங்கு."

"விதி இடம் தரல. சடகோபன், இடம் தருதா?"

"தரல ஸார். ஆனா கழிவு நின்னுட்டா, நின்ன கழிவுக்கு மன்னிப்புக் கேக்க முடியாது" என்றார் சடகோபன். அவர் தம் வாழ்நாளில் எந்த விதியிலும் பார்க்காமல் சொந்தமாகச் சொன்ன ஒரே யோசனை அதுதான்.

பட்டறைக்காரர் ஒரு மாதத்தில் தொட்டி கட்டி, கழிவை மடக்கினார். சீனியம்மாள் மகள் அதற்கு முன்பே எழுந்து பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். தொண்டை மட்டும் கொஞ்சம் கரகரப்பாகவே நின்றுவிட்டது.

சென்னை இதையெல்லாம் வேறுவிதமாகப் புரிந்துகொண்டது. செயலாளர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து பாராட்டு விழா எடுத்தார். மேடையில் சுயம்புலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார். பட்டறைக்காரருக்கும் ஒன்று போர்த்தினார்; அவர் விழாச் செலவை ஏற்றிருந்தார்.

"மற்ற மாநிலங்களில் அதிகாரி தவறு செய்தால் மக்கள் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது" என்று செயலாளர் பேசினார். "இங்கே அந்தச் சிரமத்தை மக்களுக்கு நாங்கள் வைக்கவில்லை. தவறு செய்வது, விசாரிப்பது, தண்டிப்பது, பாராட்டுவது என்று அனைத்தையும் ஆணையமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. மக்களுக்கு எது தெரிய வேண்டும் என்பது மக்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆனால் தெரியாததை முறைப்படி வைத்திருக்கிறோம். இந்த ஆணையம் தொடங்கி இன்றுவரை ஒரு புகார்கூட எங்களை வந்து சேரவில்லை. வந்து சேரும் வழியை இனிமேல்தான் அமைக்க இருக்கிறோம்."

கூட்டம் கைதட்டியது. ஏழு மணிக்குள் இராஜபாளையம் போய்ச் சேர வேண்டியிருந்ததால் பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது. சுயம்புலிங்கமும் போய்விட்டார். செயலாளர் தாம் முடிக்கும்போது முன்வரிசையில் ஓட்டுநரைப் பார்த்துத்தான் முடித்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை சென்னையிலிருந்து கேள்வி வரும்: குற்றவாளி திருந்திவிட்டாரா? சுயம்புலிங்கம் நேர்மையாகப் பதில் எழுதுவார். "இன்னும் இல்லை. ஆடியில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. புரட்டாசியில் கரண்ட் வெட்டு அறிவித்ததும் மறுபடி கெட்டுவிட்டார்."

1996-இல் அவர் ஓய்வுபெறும் நாள் வந்தது. சடகோபன் மாலை வாங்கி வைத்திருந்தார். மரகதவல்லி மாமி சர்க்கரைப்பொங்கல் செய்திருந்தாள். ஆவுடையம்மாள் சேத்தூரிலிருந்து பட்டுச்சேலை கட்டி வந்திருந்தாள். பரிபூரணமும் லாரிக்காரப் புருஷனோடு வந்து வாசலில் நின்றாள். அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. செயலாளர்தான்.

"தண்டனை முடியாத ஊழியரை ஓய்வுபெற அனுமதிக்க விதியில் இடமில்லை."

"அப்ப நான் என்ன செய்யணும்யா?"

"குற்றவாளி திருந்திவிட்டார் என்று விசாரணை அதிகாரி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இன்றே ஓய்வு, இன்றிலிருந்து பென்ஷன். அந்தக் கேபிள் விஷயத்தையும் அத்தோடு மூடிவிடலாம்."

"எழுதலேன்னா?"

"பணியில் நீடிக்க வேண்டியிருக்கும். திருந்தும் வரை." செயலாளரின் குரலில் உண்மையான பரிதாபம் இருந்தது.

சடகோபன் வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். சுயம்புலிங்கம் மூடியைக் கழற்றினார். அவருக்கு ஆசையில்லாமல் இல்லை. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான்கு வருஷமாக ராத்திரிச் சாப்பாடு ஒழுங்கில்லை. வாய்க்கால் பக்கம் கொஞ்சம் நிலம் சும்மா கிடந்தது. "குற்றவாளி" என்று எழுதினார். நிறுத்தினார்.

பரிபூரணம் தரையைப் பார்த்து நின்றாள். அவள் கேட்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும்.

ஆவுடையம்மாள்தான் பேசினாள். "நீங்க திருந்திட்டீகளா?"

அவர் பேனா முனையைத் துடைத்தார். "தெரியலயே."

"எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம்கூடத் திருந்தல" என்றாள் அவள். "கவர்மெண்டுக்குப் பொய் எழுதிக் குடுத்து அந்தப் பென்ஷனக் கொண்டாந்து நான் என்னத்தச் செய்ய?"

சுயம்புலிங்கம் எழுதிய சொல்லுக்குப் பக்கத்தில், "இன்னும் திருந்தவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். சடகோபன் அதைக் கண்ணாடியில்லாமலே வாசித்துவிட்டு, மாலையை எடுத்து அவர் கழுத்தில் போட்டார். எதற்காகப் போடுகிறோம் என்று சொல்லவில்லை.

பரிபூரணம் அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள். "சார், மணி ஆறாச்சு. குருசடித் தெருத் தண்ணி நேரத்த நாளைக்கு மாத்திருக்காக. மேட்டுத் தெருவுல ஒருத்தர் செத்துப் போனாக, துட்டிவீடு வேற."

சர்க்கரைப்பொங்கலைச் சாப்பிட்டு முடிக்க நேரமில்லை. மாமி இலையில் கட்டிக் கொடுத்தாள். மாலையைக் கழற்றவும் மறந்துபோய் அவர் டவுன் பஸ்ஸில் ஏறினார். ஓட்டுநர் முன்சீட்டில் உட்கார்ந்து வளைவுகளில் காலை அழுத்தினார். பொட்டணம் வைத்திருந்த ஒரு கிழவி நகர்ந்து அவருக்கு இடம் கொடுத்து, மாலையையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அய்யா, இன்னைக்கு எந்தத் தண்ணிக்கு மன்னிப்பு?"